பணிந்து மன்றாடுகிறேன்

கிரிம்ஸ்பியில் எனக்கு முதலில் வாய்த்த ஆங்கிலம்
அட்டையில்லாத ஒரு நாவல்.
ஐம்பது பென்ஸ். பழைய துணிக்கடையில்
ஒற்றைச் செருப்புகளுக்கு அடியில் கிடந்தது.
கடைசிப் பதினொரு பக்கம் இல்லை.

மீன் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
ரொட்டித்தூள் பூசிய மீன்துண்டுகள்
பெல்ட்டில் வரும், சீருடைப் பிள்ளைகள் போல.
பன்னிரண்டரைக்கு இடைவேளை, இருபத்தைந்து நிமிடம்.
கையுறையைக் கழற்றி ஒரு பக்கம் படிப்பேன்,
சில நாள் அரைப் பக்கம்.

கடன்பட்ட ஒரு பாதிரியார், மணமாகாத மூன்று மகள்கள்,
நேரில் வராமல் கடிதத்திலேயே கோபப்படும் ஒரு பிஷப்.
பால் என்ற சொல்லுக்கு முன்னால்
பாவமன்னிப்பு எனக்கு ஆங்கிலத்தில் வந்துவிட்டது.
க்யூரேட் என்றால் யார், அவருக்குச் சம்பளம் எவ்வளவு,
யார் முன்னால் யார் தொப்பியைக் கழற்ற வேண்டும்,
எல்லாம் தெரியும்.
பஸ்ஸில் சில்லறை கேட்கத்தான் தெரியாது.

பல்வலிக்கு விடுப்பு கேட்டு
மேற்பார்வையாளர் கெர்ரிக்கு எழுதினேன்:
'மாண்புமிகு அம்மையீர், என் தாடையின் உபாதையைத்
தங்கள் கருணைக்கண் கொண்டு நோக்கி
ஒரேயொரு இரவை எனக்கு அருளுமாறு
பணிந்து மன்றாடுகிறேன்.'
அவள் அதை மைக்ரோவேவுக்கு மேலே ஒட்டினாள்.
ஒரு வாரம் சிரித்தார்கள்.
'ரங்கெல், உப்பை இந்தப் பக்கம் தள்ளுமாறு
பணிந்து மன்றாடுகிறோம்.'
நானும் சிரித்தேன். உப்பைத் தள்ளினேன்.
பிசீச் என்ற சொல்லை
அன்று இருபது வாய்கள் உச்சரித்தன.
ஆலை கட்டிய நாளிலிருந்து நடக்காத விஷயம்.

சிரிக்காதவள் டொரீன்.
கணவன் லென் நாற்பது வருடம் கடலில் இருந்தான்,
ஆஸ்பத்திரியில் செத்தான்.
கல்லறைக் கல்லில் ஒரு மீன்பிடிப் படகு செதுக்க வேண்டும்.
சர்ச்சிலிருந்து பதில் வந்தது: படகுக்கு
ஃபேக்கல்டி வேண்டுமாம்.
'எந்தக் காலேஜில் எனக்கு ஆள் தெரியும்?' என்று
கடிதத்தை என் சாப்பாட்டின் மேல் போட்டாள்.

நூற்று நாற்பதாம் பக்கம்.
மூத்த மகள் தன் தாயின் கல்லில் ஒரு வரி சேர்க்க
அதைக் கேட்டுத்தான் மழையில் அலைவாள்.
காலேஜ் இல்லை டொரீன், அனுமதி.
பிஷப்பின் நீதிமன்றம் தரும் அனுமதி.
சொன்னபோது என் குரல்
வேறு யாரோ ஒரு வக்கீலுடையது போலிருந்தது.

மூன்று இடைவேளைகளில் மனு எழுதினோம்.
மேற்படி, இதன்கண், என்றென்றும் கீழ்ப்படிதலுள்ள,
ஒன்றையும் விடவில்லை.
'லென் இப்படியெல்லாம் பேசமாட்டான்' என்றாள்.
'லென் பேசப்போவதில்லையே' என்றேன்.
பிறகு பெல்ட்டின் முன் நின்று
அதற்காக வெகுநேரம் வருந்தினேன்.

ஒன்பது வாரம் கழித்து:
'ஹாய் டொரீன்! தொடர்புகொண்டதற்கு நன்றி.
இணைத்துள்ள படிவத்தை நிரப்பவும்.'
அவ்வளவுதான். ஒரு கோபம்கூட இல்லை.

கையெழுத்து வாங்க என்னையும் அழைத்துப் போனாள்.
வெஸ்ட்ரியில் காத்திருந்தோம்.
என் புத்தகத்தில் ஒரு க்யூரேட்
விடியும்வரை அழுத அறை.
ஈரக் கல், மெழுகு, கறுப்பு அங்கிகள் என்று
எத்தனை இரவு அதைக் கட்டி வைத்திருந்தேன்.
இங்கே ஒரு வாக்குவம் கிளீனர்,
அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள்.
யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை
ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

பாதிரியார் ஒரு பெண். என் வயதுதான்.
கெட்டிலைப் போட்டுவிட்டு
'பால் வேண்டுமா?' என்றார்.
இந்தச் சொல் இப்போது எனக்குத் தெரியும்.
ஆசையாய்த் தலையை இடமும் வலமும் ஆட்டினேன்,
எங்கள் பல்கேரியாவில் ஆமாம் சொல்வதுபோல.
அவர் பாலை ஃபிரிட்ஜில் திரும்ப வைத்துவிட்டார்.

அருள்மிகு அம்மையீர், என்று
உள்ளே ஒரு வாக்கியம் அங்கி மாட்டிக்கொண்டு எழுந்தது.
அது வாசலுக்கு வருவதற்குள்
'அவனுக்குப் பால்' என்றாள் டொரீன்,
படிவத்திலிருந்து தலை தூக்காமல்.